அன்ன மார்க் அடுப்பும் ஒரு சுழியும்

பாளையங்கோட்டை
1912 ௵ டிசம்பர் ௴ 8 ௳

அன்னம்,

உன் வீட்டுக்காரர் தூத்துக்குடிக் கடையிலிருந்து அனுப்பிய மூன்று சாமான்களும் எங்கள் போர்டிங்குக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. நற்சாட்சி எழுதித் தரும்படி அவர் மூன்று கடிதம் போட்டுவிட்டார். அதைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

சலவைப் பீப்பாய் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் கட்டைகள் துணியைப் புரட்டுகின்றன, அதுவரை சரி. ஆனால் பீப்பாய் ஒரு நாளும் காய்வதில்லை. மூடியைத் திறந்தால் வற்றிய குளத்து மீன் வாடை. உள்பலகையைத் தொட்டால் விரலோடு சளி போல ஒன்று இழுபட்டு வருகிறது. ஆணிகள் துருப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளைத் தாவணிகளில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. பிழிகிற ரப்பர் உருளைகளுக்கு நடுவே கரப்பான் ஒன்று நசுங்கி, அதன் இறகு ஒரு சிறுமியின் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வண்ணார் அப்பாத்துரை பீப்பாயைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வாயி மட்டுந்தாம்மா இருக்கு, கையி இல்ல" என்றார். துணிகள் மறுபடியும் ஆற்றுக்குப் போகின்றன.

இஸ்திரிப் பெட்டி மூன்றாம் மாதமே கொண்டி தளர்ந்துவிட்டது. தூக்கினால் சாம்பலைக் கக்குகிறது.

மண்ணெண்ணெய் அடுப்பு மட்டும் பரவாயில்லை. இங்கே முன்பிருந்த துரைசானி விட்டுப்போன பித்தளை அடுப்போடு அதை வைத்துப் பார்த்தேன். பித்தளை அடுப்பு பதினொரு வருஷம் உழைத்திருக்கிறது. பம்பின் தோலை மூன்று தடவை மாற்றியதோடு சரி. ஆனால் பற்றுவதற்குள் பொறுமை போய்விடும். உங்கள் அன்ன மார்க் சீக்கிரம் பற்றுகிறது, சீக்கிரம் கொதிக்கிறது. தகரம் மெல்லியது என்பதுதான் சந்தேகம். சமையல்காரி வடிவம்மாளுக்கு வேறு குறை. "எண்ணெ வாடை சோத்துல ஏறுதும்மா. புள்ளையெல்லாம் மூக்கப் பிடிச்சிக்கிட்டுல்லா திங்குது" என்கிறாள்.

நற்சாட்சியில் அடுப்பைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன். எழுதியது இவ்வளவுதான்: "அன்ன மார்க் அடுப்பை 6 ௴ உபயோகித்தேன். சீக்கிரம் பற்றுகிறது. இதுவரை பெரிய பழுது இல்லை." இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம் என்று சொல்.

ஞானப்பூ


தூத்துக்குடி
1913 ௵ ஜனவரி ௴ 14 ௳

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகத்துக்கு எழுதவும். கேட்லாக் அச்சாகி வந்துவிட்டது, முதல் பிரதி உங்களுக்குத்தான். உங்கள் கையெழுத்து காலேஜ் கையெழுத்து, ஓடுகிற வேகத்தில் அச்சுக்கூடத்தாருக்கு விளங்காது என்று என் வீட்டுக்காரரான இவர்கள் சொன்னதால் நானே நல்ல தாளில் திருப்பி எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். சுற்றிலும் பூ வைத்து, நடுவில் ஞானப்பூ அம்மாள், எப்.ஏ. என்று எத்தனை பெரிய எழுத்து! பின்பக்கத்தில் அன்னப் பட்சி. அந்த மார்க்குக்கு என் பெயரைத்தான் இவர்கள் வைத்தார்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? கப்பலில் பெயர் இல்லாமல் மொட்டையாக வருகிற அடுப்பில் இங்கே அன்னம் ஒட்டுகிறோம். அக்கா பெயர் காகிதத்தில், தங்கை பெயர் அடுப்பில் என்று இவர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பீப்பாயைப் பற்றி நீங்கள் எழுதியதை இவர்களிடம் காட்டவில்லை.

அன்னப்பழம்


பாளையங்கோட்டை
1913 ௵ ஜனவரி ௴ 21 ௳

அன்னம்,

கேட்லாக் கிடைத்தது. அச்சு அழகாக வந்திருக்கிறது. எங்கள் பிரின்சிபாலம்மாள்கூட வாங்கிப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு பிரதி அனுப்பு.

அடுப்பின் அடியில் இரண்டு நாளாக எண்ணெய் வேர்க்கிறது. ஈயம் வைத்து அடைக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஞானப்பூ


பாளையங்கோட்டை
1913 ௵ ஏப்ரல் ௴ 17 ௳

அன்னம்,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மேலப்பாளையம் ஹமீது பீவியை உனக்குத் தெரியாது. வாரம் இரண்டு நாள் போர்டிங் பிள்ளைகளுக்குப் பணியாரம் கொண்டுவருகிறவர். விறகுப் புகையில் கண் எரிகிறது என்று பிப்ரவரியில் ஓர் அன்ன மார்க் வாங்கினார். போன சனிக்கிழமை காலையில் அதன் அடித் தகரத்தில் வைத்த ஈயம் விட்டுவிட்டது. எண்ணெய் பீறிட்டுத் தீப்பிடித்தது. சேலையைப் பற்றவில்லை. இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் வெந்துபோயின.

நேற்று பார்க்கப் போனேன். வாழை இலையில் கைகளைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வாடையை எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன், போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் அந்த வாடை, ஜெபப் புஸ்தகத்தைத் திறந்தால் அந்த வாடை. அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க எழுதின எழுத்துன்னுதானம்மா வாங்குனேன்" என்றார், அவ்வளவுதான். அவருடைய மருமகன் தாவூது வாசலில் நின்றான். என் முகத்தைப் பாராமல், "ஆறு வருசம் உழைக்கும்னு அச்சுல போட்டிருக்காவளே, ரெண்டு மாசங்கூட நிக்கலியே" என்றான்.

நான் எழுதியது ஆறு மாதம். கேட்லாக்கை எடுத்துப் பார். மாதச் சுழி ௴ இருக்க வேண்டிய இடத்தில் வருஷச் சுழி ௵. உன் வீட்டுக்காரர் கடை திறந்தே இரண்டு வருஷம்தான். ஆறு வருஷம் நான் எந்த அடுப்பைப் பற்றவைத்தேன்? இதைப் படித்த ஒருவருக்குமா கணக்குத் தெரியவில்லை?

எங்கள் அடுப்பையும் தோட்டத்துக் குழியில் போடச் சொல்லிவிட்டேன். ஈயம் வைத்தும் ஏழாம் மாதம் முதல் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மிச்சமிருக்கும் கேட்லாக்குகளை எரித்துவிடச் சொல்.

ஞானப்பூ


தூத்துக்குடி
1913 ௵ ஏப்ரல் ௴ 26 ௳

அன்புள்ள அக்காவுக்கு,

படித்து அழுதேன். அந்த அம்மாளுக்காக ஜெபிக்கிறோம். களிம்பு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். பம்பை அளவுக்கு மேல் அடித்தால் எந்த அடுப்பும் தாங்காது என்று இவர்கள் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காற்றை அடித்துக்கொண்டே இருப்பார்களாம். சுழி மாறியது அச்சுக் கோத்தவனுடைய பிசகு. இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, யார் வேண்டுமென்று செய்வார்கள்?

கேட்லாக்கை எரிக்க முடியாது அக்கா. ஆனித் திருவிழாவுக்குத் திருநெல்வேலி ரதவீதியில் கடை போட இடம் பிடித்தாகிவிட்டது. எண்பது அடுப்பு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது. தேர் பார்க்க வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்கு உங்கள் நற்சாட்சியை விட்டால் இவர்களிடம் வேறு என்ன இருக்கிறது?

அன்னப்பழம்


பாளையங்கோட்டை
1913 ௵ மே ௴ 11 ௳

அன்னம்,

களிம்பு டப்பாவின் மூடியிலும் அன்னம் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அளவுக்கு மேல் காற்றடித்தார் என்கிறாய். முப்பது வருஷமாக நெருப்போடு இருக்கிற பெண் அவர். உன் வீட்டுக்காரருக்கு அடுப்பு என்றால் விற்கிற சாமான். குழியில் போட்ட எங்கள் அடுப்பை எடுத்து, பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஷேக் மைதீனிடம் அறுத்துக் காட்டச் சொன்னேன். வெளியே பித்தளைப் பூச்சு. உள்ளே பிஸ்கட் டப்பாத் தகரம். மடிப்பு இல்லை, தறை ஆணி இல்லை, வெறும் ஈயப் பற்று. அவர் கட்டைவிரலால் அமுக்கினார், உள்ளே போயிற்று. "இதுல எண்ணெ ஊத்தி நெருப்பும் வச்சியளா? நல்லா இருக்கே கூத்து" என்றார். பக்கத்தில் பழைய பித்தளை அடுப்பையும் அறுக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அது இன்று காலையும் எரிந்தது.

அச்சுக் கோத்தவன் பிசகு என்கிறாய். அவன் என் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. நீ திருப்பி எழுதிய தாளைத்தான் பார்த்தான். சின்ன வயதில் உனக்குச் சுழிகள் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். ஒரு நாளும் நீ தப்பாகப் போட்டதில்லை. உன் கடிதத் தேதிகளிலும் தப்பு இல்லை.

இதை எழுதும்போது, பீப்பாய்ப் பலகையில் விரல் வைத்த அதே உணர்ச்சி.

திருவிழாவில் அந்தக் காகிதம் ஒருவர் கைக்கும் போகக் கூடாது.

ஞானப்பூ


தூத்துக்குடி
1913 ௵ ஜூன் ௴ 3 ௳

அக்காவுக்கு,

ஆம். நான்தான்.

திருப்பி எழுதுகிறபோது இவர்கள் பக்கத்தில் நின்றார்கள். "ஆறு மாசம்னு போட்டா எவன்டி வாங்குவான்? ஒரு சுழிதானே, மாத்திப் போடு" என்றார்கள். போட்டேன். வீட்டில் இருக்கிறவள் என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒரு வீட்டிலும் இருந்ததில்லை, போர்டிங்கில்தான் இருந்தீர்கள்.

நீங்கள் சென்னைக்குப் படிக்கப் போன வருஷம் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார்கள். அவர்களுடைய துணிகளை நாள்தோறும் இரண்டு வேளை கையால் துவைத்தவள் நான். ஆறு வருஷம். அதில் ஒரு மாதமும் குறையாது, எந்தச் சுழி வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். விடுமுறைக்கு வந்த உங்களுக்கு அந்த வாடை ஆகாது என்று வாசல் அறையில் படுக்கை போட்டோம். இந்த ஊரில் முதன்முதலாகச் சலவைப் பீப்பாய் இறங்கியபோது நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உங்களுக்கு அது அருவருப்பு.

இன்னொன்றும் கேட்கிறேன். முதல் பிரதி உங்களுக்குத்தான் வந்தது. ஏழு நாள் கழித்துப் பதில் போட்டீர்கள். பள்ளிப் புஸ்தக அச்சில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் விளிம்பில் குறித்து அனுப்புகிறவர் நீங்கள். அந்த மூன்றாம் பக்கத்தில் இருந்தது மூன்று வரி. "அச்சு அழகாக வந்திருக்கிறது" என்றும் இன்னும் இரண்டு பிரதி வேண்டும் என்றும் எழுதினீர்கள். சுழி உங்கள் கண்ணில் படவில்லையா?

அன்னப்பழம்


பாளையங்கோட்டை
1913 ௵ ஜூலை ௴ 10 ௳

அன்னம்,

உன் கேள்விக்குப் பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பட்டது. முதல் நாளே பட்டது. அச்சுப்பிசகு, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பூ வேலைக்கு நடுவில் என் பெயர் நன்றாக இருந்தது. ஆறு மாதம் என்பதைவிட ஆறு வருஷம் என்பது அந்தப் பெயருக்குக் கீழே பொருத்தமாகவும் இருந்தது.

இதையும் தெரிந்துகொள். ஹமீது பீவிக்கு அந்தக் கேட்லாக்கைக் கொடுத்தவள் நான்தான். நீ அனுப்பிய இரண்டு பிரதிகளில் ஒன்று. "டீச்சரம்மா, இது உழைக்குமா?" என்று கேட்டார். வாயால் சொல்லாமல் காகிதத்தைக் கொடுத்தேன். தாவூது எங்கள் முற்றத்தில் நின்று உரக்கப் படித்தான்: ஆறு வருஷம். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இல்லை, மாதம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்தில் பிரின்சிபாலம்மாள் நின்றார்கள். அவ்வளவுதான் காரணம். இத்தனை நாள் உன்மேல் கொட்டிய அருவருப்பு யாருடையது என்று பார்த்துக்கொள்.

தேரன்று கடைக்குப் போயிருந்தேன். நீ வரவில்லை என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர் பலகைமேல் நான்கு அடுப்புகளை எரியவிட்டு நின்றார். நல்ல கூட்டம். தச்சநல்லூர்க்காரி ஒருத்தி, "அண்ணாச்சி, எத்தன நாளைக்கு வரும்? எம் மாமியா ஆயுசுக்கு வருமா, என் ஆயுசுக்கு வருமா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேட்லாக்கை விரித்தார். அப்போது என்னைப் பார்த்துவிட்டார். ஒரு நொடியும் தடுமாறவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "இதா, எழுதுன மதினியே வந்துட்டாவ! அவியகிட்டயே கேட்டுக்கிடுங்க" என்றார். சர்க்கரை வைத்த குரல்.

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தேன். ஷேக் மைதீன் அறுத்த அடுப்பை அதிலிருந்து எடுத்து, எரிகிற நான்கு அடுப்புகளுக்கு நடுவே வைத்தேன். "இது ஆறு மாதம் உழைத்தது. ஏழாம் மாதம் ஒழுகிற்று. இதே மாதிரி ஒன்று ஒரு அம்மாவின் இரண்டு கையையும் எரித்துவிட்டது. ஆறு வருஷம் என்று அச்சில் இருப்பது பொய். தெரிந்தும் நான் சும்மா இருந்தேன்" என்றேன்.

தச்சநல்லூர்க்காரி அறுத்த தகரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "ச்சீ" என்று சேலையில் துடைத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. எல்லாரும் நல்லவர்கள் என்று எழுத ஆசை. ஆனால் இருவர் திரும்பி வந்து, "பழுதுன்னா வெலயக் கொறச்சுக் குடும்வே" என்று நின்றார்கள். அவர் கொடுக்கத்தான் போனார். நான் நகரவில்லை. எரிந்த நான்கையும் அவரே காற்றைத் திறந்துவிட்டு அணைக்கும்வரை நின்றேன். தேர் வடக்கு ரதவீதி திரும்பியபோது கடையில் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. கேட்லாக் கட்டை அவர் தூக்கியபோது அடியில் இருந்த பிரதிகள் சரிந்தன. குனிந்து எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் வருஷச் சுழியைப் பேனாக் கத்தியால் சுரண்டி, மேலே மாதச் சுழி போட்டிருந்தது. ஒன்றில் அல்ல, நான் புரட்டிய அத்தனையிலும். மை ஊறிப் பின்பக்கத்து அன்னத்தின் கழுத்தில் கறையாகிவிட்டது. அந்தச் சுழியை எனக்குத் தெரியும். கற்றுக்கொடுத்த கை இது.

எத்தனை திருத்தினாய்?

ஞானப்பூ


தூத்துக்குடி
1913 வருஷம் ஜூலை மாதம் 19 நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்பத்திரண்டு. அதற்குள் இவர்கள் வந்துவிட்டார்கள். கட்டின் அடியில் செருகி வைத்தேன், மேலே இருந்ததைத்தான் இவர்கள் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் ஐந்நூறு.

இவர்கள் வந்து இறங்கியதிலிருந்து என்னோடு பேசவில்லை. எண்பது அடுப்பும் பின்கட்டில் கிடக்கின்றன. ராமநாதபுரம் பக்கம் கொண்டுபோய் விற்கலாம், அங்கே யாருக்கும் தெரியாது என்று நேற்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று காலை இவர்கள் துறைமுகத்துக்குப் போனபின் அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். ஷேக் மைதீன் அண்ணாச்சி சொன்னது மெய். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு இடி போதும். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கையெல்லாம் தகரம் கீறி ரத்தம், துரு வாடை. இவர்கள் இன்னும் வரவில்லை. வந்தபின் என்ன என்று தெரியாது. மாலை வண்டிக்கு டிக்கெட் எடுக்க ஆள் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் முதலில் வருமோ நான் முதலில் வருவேனோ. வாசல் அறை எனக்கும் போதும்.

உங்களிடம் ஒளித்த ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்ன மார்க் அடுப்பு என் சமையலறையில் ஒரு நாளும் எரிந்ததில்லை. முதல் பெட்டி வந்த அன்றே ஆசையாக ஒன்றை எடுத்தேன். "அத வையி. அது விக்கதுக்கு, நம்ம வீட்டுக்கு இல்ல" என்றார்கள். இரண்டு வருஷமும் விறகில்தான் சமைத்தேன். உங்கள் கடிதங்களையும் அந்த அடுப்பருகில் வைத்துத்தான் படித்தேன்.

மேலே தேதியைப் பார்த்திருப்பீர்கள். மூன்றையும் எழுத்தாலேயே எழுதியிருக்கிறேன். இனி எனக்குச் சுழி வேண்டாம்.

ஹமீது பீவி அம்மாளின் துணிகளை இப்போது யார் துவைக்கிறார்கள்?

அன்னப்பழம்